கடலாமை காக்கக் கடல் கடக்க வேண்டுமா?

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா" என்பது நம் நாட்டுப் பழமொழி. கடனுக்காகச் சட்டி பானையை ஜப்தி செய்ய வரும் அமீனாவைக் கண்டு மக்கள் அஞ்சியது நியாயமே. ஆனால் வாயில்லாப் பிராணியாகிய ஆமை என்ன தீங்கு செய்தது? பழமொழியில் வரும் ஆமை பொறாமை, இயலாமை, அறியாமை ஆகியவற்றைக் குறிக்கும் என்று பட்டிமன்றப் பேச்சாளர்கள் விளக்கம் கூறுவதுண்டு. விளக்கம் எதுவாயினும் ஆகுக. ஆமை நம் வீட்டில் புகுந்ததைவிட, ஆமையின் வீட்டில் நாம் புகுந்ததே மிகுதி என்பதுதான் உண்மை. அவ்வுண்மையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடுமுறையில் வெளிநாடு சென்று, கடலாமைகளைக் காக்கும் பணியில் தொண்டராகச் சேரலாம் என்னும் எண்ணம் இன்று மாணவரிடையே பரவி வருகிறது. கோஸ்டா ரிகா, கிரீஸ், இலங்கை முதலிய நாடுகளில் இத்தகைய தொண்டர்களை ஏற்றுக்கொள்ளும் அமைப்புகள் பல உள்ளன. பெரும்பாலான இடங்களில் தொண்டரே தம் உணவுக்கும் உறைவிடத்துக்கும் பணம் கட்ட வேண்டும். விமானக் கட்டணம் தனி. புதுச்சேரியிலோ, பிரான்சிலும் ரெயூனியன் தீவிலும் உறவினர் இல்லாத தெருவே இல்லை எனலாம். ஆகவே, "நாமும் போனால் என்ன?" என்ற கேள்வி நம் வகுப்பறைகளில் எழுவது இயல்பே. விலங்கியல் பயிலும் என்னிடம் தோழர் சிலர் இக்கேள்வியைக் கேட்டனர். இதற்கு விடை கூறுமுன், கடலாமை எத்தகைய உயிர், தொண்டர் செய்யும் வேலை என்ன, அவ்வேலை எங்கே தேவைப்படுகிறது என்னும் மூன்றையும் அறிந்துகொள்ளுதல் நலம்.

ஆமையும் கடலாமையும்

ஐம்பொறிகளை அடக்குவதற்கு வள்ளுவர் ஆமையை உவமையாகக் காட்டியதை நாம் அறிவோம். அவர் காட்டிய ஆமை நிலத்திலோ குளத்திலோ வாழும் ஆமையாகத்தான் இருத்தல் வேண்டும். ஏனெனில் கடலாமையால் தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள இயலாது. நீந்துவதற்கென்றே அதன் கால்கள் துடுப்புகளாக மாறிவிட்டன. கடலில் அதற்கு விரைவு உண்டு. கரையேறினால் ஒளிந்துகொள்ள ஓடு உதவாது. கரைக்கு வரும் கடலாமை, எதிரிக்குத் தன்னை முழுவதும் காட்டிக்கொண்டே வருகிறது.

உலகில் கடலாமை இனங்கள் ஏழு. அவற்றுள் ஐந்து இந்தியக் கடல்களில் உள்ளன. பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை, பங்குனி ஆமை என்பன அவை. சோழமண்டலக் கடற்கரையில் முட்டையிட வருவது பெரும்பாலும் பங்குனி ஆமையே. ஆங்கில நூல்களில் இதனை ஆலிவ் ரிட்லி என்பர். ஏறத்தாழ இரண்டடி நீளமும் 35 முதல் 50 கிலோ வரை எடையும் உடையது. ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கடற்கரைகளில் ஒரே வாரத்தில் இலட்சக்கணக்கில் கரையேறுவதும் இவ்வினமே. 2025 பிப்ரவரியில் ருஷிகுல்யாவில் மட்டும் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் முட்டையிட்டன. நம் கரைக்கோ அவை ஒன்றிரண்டாகத்தான் வருகின்றன. கூட்டமாக வருவதைக் காக்க ஓர் அரசும் ஒரு சரணாலயமும் முன்வரும். தனித்தனியாக வருவதைக் காக்க ஒவ்வோர் ஊரும் விழித்திருக்க வேண்டும்.

கடலாமை முட்டையிடும் முறையைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே கூர்ந்து நோக்கியுள்ளனர். அகநானூற்றின் 160ஆம் பாடலில், குமிழிஞாழலார் நப்பசலையார் என்னும் புலவர், சூல்கொண்ட ஆமை அடும்பங்கொடி சிதையக் கரையேறி வெண்மணல் மேட்டில் முட்டைகளைப் புதைத்து வைப்பதைக் கூறுகிறார். முட்டையின் உருண்டை வடிவத்தையும் புலால் நாற்றத்தையும்கூட அவர் விட்டுவிடவில்லை. குஞ்சு வெளிவரும் வரையில் ஆண் ஆமை காவல் காக்கும் என்று அவர் பாடியது மட்டும் கவிதைக்குரிய கற்பனை. உண்மையில் ஆண் ஆமை கரைக்கு வருவதே அரிது. தாயும் முட்டையிட்ட அன்றே கடலுக்குத் திரும்பிவிடும். ஆனால் இடமும் கொடியும் மேடும் அப்படியே மெய். அடும்பங்கொடி படரும் மணல்மேடு, அலை எட்டாத உயரம்: இவை இருந்தால்தான் ஆமைக்குப் பேறுகால வீடு உண்டு. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

முட்டையிடும் இரவு

சனவரி முதல் மார்ச் வரையிலும், சில ஆண்டுகளில் ஏப்ரல் தொடக்கம் வரையிலும், பெண் ஆமைகள் இரவில் கரையேறுகின்றன. அலை எட்டாத மேட்டை அடைந்ததும், பின்துடுப்புகளால் ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடுவை போன்ற குழியைத் தோண்டுகின்றன. கண்ணால் காணாமலே, ஒரு துடுப்பு மாற்றி ஒரு துடுப்பாக மணலை அள்ளி வெளியே போடும் அந்த நேர்த்தி காணத்தக்கது. நூறு முதல் நூற்றிருபது முட்டைகள் வரை இடும். பின்பு குழியை மூடி, தன் உடலையே திமிசுக்கட்டை போல இப்புறமும் அப்புறமும் தட்டி மணலை இறுக்கும். இந்நேரத்தில் அதன் கண்களிலிருந்து நீர் வடிவதைக் கண்டு, பேறுகால வலியால் அழுகிறது என்பார்கள். உண்மையில் அது உடலில் மிகுந்த உப்பை வெளியேற்றும் சுரப்பியின் வேலையாகும்.

ஏறத்தாழ 45 முதல் 55 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. குஞ்சு ஆணா பெண்ணா என்பது கருவுறும்போது முடிவாவதில்லை. மணலின் வெப்பமே அதனை முடிவு செய்கிறது. ஏறத்தாழ 29, 30 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கின்றன. கோடை கடுமையாகும் ஆண்டுகளில் எல்லாம் பெண்ணாகவே பிறந்துவிடக்கூடும். வெப்பம் மேலும் ஏறினால் முட்டைகள் முட்டைக்குள்ளேயே வெந்து கெடும்.

குஞ்சுகள் பெரும்பாலும் இரவில் மணலைப் பிளந்துகொண்டு ஒன்றாக வெளிவந்து, எத்திசை வெளிச்சமாக இருக்கிறதோ அத்திசை நோக்கி ஓடுகின்றன. இயற்கையான கரையில் வெளிச்சமான திசை கடலே. மின்விளக்கு வரிசை போட்ட கரையிலோ அவை சாலையை நோக்கி ஓடி, நாய்க்கும் காக்கைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் இரையாகின்றன. கடலை அடைந்த குஞ்சுகளிலும் வளர்ந்து பெரிதாவது ஆயிரத்தில் ஒன்று என்பர். அந்த ஒன்று பருவமடையப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். ஆகவே, வலையில் மடியும் ஒரு தாய் ஆமைக்கு ஈடு செய்ய எத்தனை ஆயிரம் குஞ்சுகள் வேண்டும் என்பதை நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தொண்டர் செய்வது என்ன?

தொண்டர் வேலை என்றால் குஞ்சைக் கையில் ஏந்திக் கடலில் விடும் காட்சிதான் பலர் நினைவுக்கு வரும். அது வேலையின் மிகச் சிறு பகுதி. பெரும்பகுதி நடைதான். இரவு பதினொரு மணியளவில் தொடங்கி விடியற்காலை நான்கு மணி வரை, கைவிளக்கு ஏற்றாமல், அலையோரமாக நடந்துகொண்டே மணலில் தடம் தேடுவதுதான் அவ்வேலை. பங்குனி ஆமை வலத் துடுப்பையும் இடத் துடுப்பையும் மாறி மாறி ஊன்றுவதால் அதன் தடம் பின்னல் போலிருக்கும். பேராமை இரு துடுப்புகளையும் ஒருசேர ஊன்றுவதால் அதன் தடம் இருபுறமும் ஒத்திருக்கும். தடத்தைக் கொண்டே எந்த ஆமை வந்தது, முட்டையிட்டதா, இடாமலே திரும்பியதா என்று சொல்லிவிடலாம்.

கூடு கண்டறியப்பட்டால், முடிந்தவரை அங்கேயே விட்டுக் காப்பதுதான் முதல் முறை. நாய்களும் மனிதரும் மிகுந்த கரைகளில் மட்டும் முட்டைகளை எடுத்து, கம்பி வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே குடுவை வடிவக் குழியில் புதைக்கின்றனர். இதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் கரு ஓட்டின் மேற்புறத்தோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கிவிடும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு அழியும். இரக்கத்தால் செய்யும் வேலையே கொலையாகிவிடுவது இப்படித்தான். ஆகவே அன்றிரவே, புரட்டாமல், குலுக்காமல் முட்டைகளைக் கொண்டு செல்ல வேண்டும்.

கடைசியாக ஏடு எழுதும் வேலை உள்ளது. நாள், நேரம், இடம், முட்டைகளின் எண்ணிக்கை, பொரித்தவை, பொரியாதவை, கரையொதுங்கிய பிணங்கள் என்று எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். பார்ப்பதற்குச் சுவையற்ற வேலை. ஆனால் பல ஆண்டுகளின் ஏடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் ஆமைகள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று உலகம் அறிய முடியும்.

பிற நாடுகளில்

கோஸ்டா ரிகா நாட்டின் டோர்ட்டுகேரோ கடற்கரையில் ஆர்ச்சி கார் என்னும் அமெரிக்க விலங்கியல் பேராசிரியர் 1950களில் பேராமைகளை ஆராயத் தொடங்கினார். அவர் எழுதிய நூலைப் படித்தோர் முயற்சியால் 1959இல் ஓர் அமைப்பு உருவாயிற்று. அன்று தொடங்கிய கணக்கெடுப்பு அங்கே இன்றும் தொடர்கிறது. பல நாட்டு மாணவரும் அங்கே சென்று இரவில் நடக்கின்றனர். உலகில் கடலாமைத் தொண்டுக்கு முன்மாதிரி அதுவே.

நமக்கு உறவான ரெயூனியன் தீவின் கதை வேறு வகையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர் பலர் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய தீவு அது. அத்தீவின் சேன்-லே என்னும் ஊரில் 1970களில் இறைச்சிக்காகவும் ஓட்டுக்காகவும் கடலாமைகளை வளர்க்கும் பண்ணை ஒன்று தொடங்கப்பட்டது. ஆமைப் பொருள் வணிகத்துக்குப் பன்னாட்டுத் தடைகள் வந்தபின் அத்தொழில் முடிவுற்றது. அதே இடம் 2006இல் கெலோனியா என்னும் பெயரில் கடலாமைக் காட்சியகமாகவும் ஆராய்ச்சி நிலையமாகவும் மாறியது. நெடுந்தூண்டிலின் முள் விழுங்கிய பெருந்தலை ஆமைகளை மீனவர் அங்கே கொண்டுவந்து ஒப்படைக்கின்றனர். குணமாகிக் கடலில் விடப்பட்ட ஆமைகளின் முதுகில் பொருத்திய கருவிகள், அவற்றுள் சில வடக்கே ஓமான் நாட்டுக் கடல்வரை நீந்திச் சென்றதைக் காட்டின. கடலாமைக்குக் குடியுரிமைச் சீட்டு இல்லை என்பதும், ஒரு நாடு காத்ததை வேறொரு நாடு கொல்லலாம் என்பதும் இதனால் விளங்கும்.

இலங்கையின் தென்மேற்குக் கரையில் கொஸ்கொட முதலிய இடங்களில் பொரிப்பகங்கள் பல உள்ளன. வெளிநாட்டுத் தொண்டரும் சுற்றுலாப் பயணிகளும் வந்து பணம் தருகின்றனர். சில பொரிப்பகங்களில், வருவோர் காண்பதற்காகக் குஞ்சுகளைத் தொட்டியில் நாட்கணக்கில் வைத்திருப்பதை அறிஞர்கள் கண்டித்துள்ளனர். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு முதல் நாளில் ஒரு வேகம் உண்டு. வயிற்றில் எஞ்சிய மஞ்சள் கருவே அதற்குக் கட்டுச்சோறு. அவ்வேகத்தில்தான் அது கரையோரப் பகைமீன்களைத் தாண்டி ஆழ்கடலை அடைகிறது. தொட்டிச் சுவரில் முட்டி முட்டி அவ்வேகத்தை இழந்த குஞ்சைப் பின்னர் கடலில் விட்டுப் பயன் என்ன? இதற்கு மாறாக, அதே நாட்டின் தென்கரையில் உள்ள ரெக்காவ என்னும் ஊரில், 1990களில், முன்பு முட்டை திருடி விற்றவர்களையே ஊதியம் தந்து காவலராக்கினர். முட்டைகளை இடம் மாற்றாமல் கூட்டிலேயே விட்டுக் காத்தனர். வெளிநாட்டுத் தொண்டு எல்லாம் நல்லது என்றோ, எல்லாம் வியாபாரம் என்றோ முடிவு கட்டக் கூடாது என்பதற்கு ஒரே நாட்டின் இவ்விரு கரைகளும் சான்று.

சென்னையில் தொடங்கிய நடை

நம் நாட்டில் இத்தொண்டு வெளிநாட்டாரைப் பார்த்து நேற்றுத் தொடங்கியதன்று. 1970களின் முற்பகுதியிலேயே, ராமுலஸ் விட்டேகர் நிறுவிய சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் இரவில் கடற்கரையில் நடந்து, முட்டைகளைத் திருடரிடமிருந்தும் நாய்களிடமிருந்தும் காக்கலாயினர். அவ்வழியில் வந்தவரே சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்று, படிப்பை முடிக்காமலே கடலை நோக்கிச் சென்றவர். 1970களின் பிற்பகுதி தொடங்கி இந்தியாவின் கடற்கரைகளையும் அந்தமான், நிக்கோபார், லட்சத்தீவுகளையும் பெரும்பாலும் கால்நடையாகவே ஆராய்ந்தார். 1982இல், பேராமைகளைக் கணக்கெடுப்பதற்காக, லட்சத்தீவின் சுஹேலியில் உள்ள ஆளில்லாத் தீவு ஒன்றில் மழைக்காலம் முழுவதும் தனியாகத் தங்கினார். அங்கிருந்து மனைவிக்குக் கடிதம் எழுதிப் புட்டியில் அடைத்துக் கடலில் எறிந்தார். அப்புட்டியைச் சில வாரங்களில் இலங்கை மீனவர் ஒருவர் கண்டெடுத்து, கடிதத்தை அவர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்.

பின்னர் 1984, 1985 ஆண்டுகளில் அவர் இந்தோனேசியாவின் மேற்கு நியூகினிக் கரைக்குச் சென்று, அங்கே முட்டையிடும் ஏழுவரி ஆமைகளை எண்ணி, நூற்றுக்கணக்கானவற்றுக்கு அடையாளத் தகடும் பூட்டினார். வெளிநாடு சென்று கடலாமை காத்த இந்தியருள் முன்னோடி என அவரைச் சொல்லலாம். 2023இல் அவர் காலமானார். இங்கே கருத வேண்டியது ஒன்று: அயல்நாடு அவரை அழைத்ததன் காரணம், அவர் முதலில் தம் நாட்டின் கரையை நடந்து முடித்திருந்தார் என்பதே.

1988இல் சென்னைக் கல்லூரி மாணவர்கள் தாமே ஓர் அமைப்பை உருவாக்கினர். மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு என்று அதனைத் தமிழில் கூறலாம். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கரையில் பருவந்தோறும் நடந்து வருகின்றனர். ஒரு தலைமுறை மாணவர் பட்டம் பெற்றுப் போனதும் அடுத்த தலைமுறை வந்து நடக்கிறது. வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் உடன் செல்லலாம். 2002இல் நீலாங்கரையில் தொடங்கப்பட்ட ட்ரீ அறக்கட்டளை, மீனவ இளைஞரையே கடலாமைக் காவலராகப் பயிற்றி வருகிறது.

நம் கடற்கரையின் கதை

இனி நம் ஊருக்கு வருவோம். புதுச்சேரிப் பகுதிக்கு உரிய கடற்கரை ஏறத்தாழ 24 கிலோமீட்டர். இதில் நகரத்தின் எதிரே உள்ள பகுதியை இன்று பார்ப்போர், அங்கே ஒரு காலத்தில் அகன்ற மணற்பரப்பு இருந்தது என்றால் நம்பமாட்டார்கள். காந்தி சிலைக்குக் கீழே கருங்கல் குவியல்தான் நெடுங்காலம் கிடந்தது. மணல் எங்கே போயிற்று?

நம் கரையோரமாக ஆண்டில் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் சில மாதங்கள் திசை மாறும். கணக்குப் பார்த்தால் மணல் வடக்கு நோக்கியே செல்கிறது. ஆகவே கடற்கரை என்பது நின்றுகொண்டிருக்கும் நிலமன்று, ஓடிக்கொண்டிருக்கும் மணலாறு. பிரெஞ்சுக்காரர் 1866இல் கட்டிய கப்பல் பாலம் இரும்புத் தூண்களின் மேல் நின்றது. 1952ஆம் ஆண்டுப் புயலில் அது அழிந்தது. தூண்களுக்கிடையே மணல் தடையின்றிச் சென்றது. ஆனால் 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய கல்லணைகள் மணலாற்றின் குறுக்கே அணை போட்டதுபோல் ஆயின. தெற்கே மணல் குவிந்தது; வடக்கே நகரக் கரை அரித்துப் போனது. தெற்கே தேங்கும் மணலை வடக்கே அனுப்பும் ஏற்பாடு திட்டத்தில் இருந்தும் அது ஒழுங்காக நடைபெறவில்லை. நகரைக் காக்கக் கற்களைக் கொட்டினர். அரிப்பு இன்னும் வடக்கே கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் எனத் தமிழகக் கிராமங்களுக்கு நகர்ந்தது. 2018-19இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்தின் அருகே கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்தபின் ஓரளவு மணல் திரும்பியிருப்பது மகிழ்ச்சிக்குரியது.

இக்கதைக்கும் ஆமைக்கும் என்ன தொடர்பு? பெண் ஆமை, தான் பிறந்த கரைப்பகுதியைத் தேடியே முட்டையிட வருகிறது. கருங்கல் குவியலை அதனால் ஏற முடியாது. நப்பசலையார் கண்ட வெண்மணல் மேடும் அடும்பங்கொடியும் இல்லாத இடத்தில், எத்தனை தொண்டர் விழித்திருந்து என்ன பயன்? ஆமைக்கு முதல் தேவை காவலர் அன்று, மணல்.

நகருக்குத் தெற்கே நரம்பை, மூர்த்திகுப்பம், புதுக்குப்பம், பனித்திட்டு ஆகிய ஊர்களின் கரையில் இன்னும் மணல்மேடு உண்டு. அங்கே பங்குனி ஆமைகள் வருகின்றன. சென்ற பருவத்தில் சில இரவுகள் நரம்பைக் கரையில் உள்ளூர் மீனவ இளைஞர் இருவருடன் நானும் நடந்தேன். வழியில் படகடியில் படுத்திருந்த முதியவர் ஒருவர், "தம்பி, நான் சின்னப் பையனா இருக்கச்சே வம்பாகீரப்பாளையத்து மணல்லயே ஆமை ஏறும். இப்ப ஏறணும்னாலும் எடம் எங்க இருக்கு?" என்றார். "வலையில மாட்டினா என்ன செய்வீங்க ஐயா?" என்று கேட்டேன். "சாமி ஆச்சே! வலையை அறுத்தாவது விட்டுடுவோம். கைவலைக்காரன் பாத்து விட்டுடலாம். பெரிய மடி இழுக்கறவனுக்கு உள்ள என்ன கெடக்குதுன்னு மேல தூக்கினாத்தானே தெரியும்?" என்றார். நான் பாடநூலில் படித்ததை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். உடன் வந்த இளைஞர் இருவரும் விடியற்காலையில் படகேற வேண்டியவர்கள். அவர்கள் பெயரை எந்த அயல்நாட்டு விளம்பரத் தாளிலும் காண முடியாது.

வலையில் மடியும் ஆமை

முதியவர் கூறியதை விளக்குவோம். கடலாமை நுரையீரலால் மூச்சு விடுவது. அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவை மடி மணிக்கணக்கில் கடலடியில் இழுக்கப்படும்போது அதனுள் அகப்பட்ட ஆமை மூச்சு முட்டி மடிகிறது. முட்டையிடும் பருவத்தில் ஆமைகள் கரையை ஒட்டிய நீரிலேயே கூடுவதால் இழப்பு மிகுகிறது. 2025 சனவரியில் சென்னையிலும் அதையடுத்த கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து அதனை விசாரித்தது.

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. அது மீன்களின் இனப்பெருக்கத்தைக் கருதி வகுத்தது. ஆமை முட்டையிடும் பருவமோ அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஆகவே அத்தடை ஆமைக்கு உதவுவதில்லை. இழுவை மடியில் இரும்புக் கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்தினால் இறால் உள்ளே செல்லும், ஆமை சட்டத்தில் மோதி மேலேயுள்ள திறப்பின் வழியே தப்பிவிடும். ஆமை விலக்கி எனப்படும் இக்கருவியைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் நம் படகுகளுக்கேற்ப வடிவமைத்துள்ளது. மீனும் அத்திறப்பு வழியே போய்விடும் என்பது மீனவர் அச்சம். அவ்வச்சத்தைக் கேலி செய்யாமல், இழப்பு எவ்வளவு என்பதை அவர்கள் கண்முன் அளந்து காட்ட வேண்டும். ஆமை விலக்கி இன்றிப் பிடித்த கடல் இறாலை அமெரிக்கா 2019 முதல் இந்தியாவிலிருந்து வாங்குவதில்லை. ஆக, ஆமையைக் காப்பது மீனவர் வருவாயோடும் தொடர்புடையதே.

முடிவாக

வெளிநாடு செல்ல வாய்ப்புள்ளோர் செல்லட்டும். ஆனால் பணம் கட்டுமுன் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். முட்டைகளைக் கூடியவரை கூட்டிலேயே விட்டுக் காக்கின்றனரா? குஞ்சுகளைத் தொட்டியில் வைக்காமல் அன்றே கடலில் விடுகின்றனரா? நிழற்படத்துக்காக ஆமையைத் தொட அனுமதிக்காமல் இருக்கின்றனரா? கட்டணத்தில் ஒரு பங்கு அவ்வூர் மக்களுக்குச் சேருகிறதா? ஆண்டுதோறும் ஏடு எழுதுகின்றனரா? ஐந்துக்கும் ஆம் என்றால் அது தொண்டு. இல்லையேல் அது சுற்றுலா. சுற்றுலா என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

செல்ல வாய்ப்பில்லாதவர் வருந்த வேண்டியதில்லை. நகரப் பேருந்து செல்லும் தொலைவிலேயே அவ்வேலை காத்திருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்கலாகாது: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் கடலாமை இடம்பெற்றுள்ளது. வனத்துறையின் அனுமதியின்றி முட்டையைத் தொடுவதும் குற்றமே. ஆகவே தாமாகச் சென்று மணலைக் கிளறாமல், வனத்துறையோடும் உள்ளூர் மீனவரோடும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் கீழ் ஒவ்வோர் ஆண்டும் சனவரி முதல் மார்ச் வரை, சனிக்கிழமை இரவுகளில் பத்துப் பத்து மாணவராக, பேராசிரியர் ஒருவர் துணையுடன் தெற்குக் கரையில் நடப்போமானால், மூன்று மாதத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் பயிற்சி பெறுவர். விலங்கியல் மாணவர் தடமும் முட்டையும் குறிக்கட்டும். புவியியல் மாணவர் மணல்மேட்டின் அகலத்தை ஆண்டுதோறும் அளக்கட்டும். பொருளியல் மாணவர் மீனவர் இழப்பைக் கணக்கிடட்டும். தமிழ் மாணவர் முதியோர் நினைவில் உள்ள ஆமைப் பெயர்களையும் கரையின் பழைய எல்லைகளையும் எழுதி வைக்கட்டும். அவ்வேடு நம் நூலகத்தில் இருக்கட்டும். இவ்வாண்டு நரம்பையில் கடல் புகும் குஞ்சு தாயாகித் திரும்பி வரும்போது நாம் எல்லோரும் பட்டம் பெற்று எங்கெங்கோ சிதறியிருப்போம். அன்று அது ஏறுவதற்கு மணல் இருந்ததா என்பதை அந்த ஏட்டில் எழுதப் போகிறவர், இனி நம் வகுப்புகளுக்கு வரவிருக்கும் இளையோர். அவர்களுக்கு முதல் பக்கத்தையாவது நாம் எழுதி வைப்போம்.